மாத்திரை குறைவதற்குள்

சேசு மரி சூசை

அன்பு மகள் மிஷெலுக்கு, கிள்ளானிலிருந்து அப்பா எழுதிக்கொள்வது. அப்பாதான், சந்தேகப்படாதே, இந்தக் கோணல் எழுத்து அம்மாவுக்கு வராது. ஆண்டவர் தயவில் அம்மா சுகம், பூனை சுகம், நான் எப்படி என்பதை இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப்போகிறேன். நீ அந்த அபர்டீன் குளிரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உனக்காகத் தனியாக ஒரு பத்து மணி சொல்கிறோம். போனில் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு, சரி அம்மாகிட்ட குடுக்கிறேன் என்று கைமாற்றிவிடுகிற மனுஷன் இப்படிப் பக்கம் பக்கமாக எழுதுகிறாரே என்று உனக்குப் பயம் வரும். பயப்படாதே, கடைசி வரை படி. எதிர்வீட்டு யுகேந்திரன், கடலுக்குள் எண்ணெய் எடுக்கிற இடத்தில் எஞ்சினியராக இருக்கிறானே, அவன் சனிக்கிழமை அபர்டீனுக்குத் திரும்புகிறான். அவனிடம் அம்மா உனக்கு மசாலாத்தூள் கொடுத்துவிடுகிறாள், அந்தப் பைக்குள் இதையும் செருகிவிடுவேன். மஞ்சள் வாசம் அடித்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். போன வாரம் அம்மா உன்னிடம், அப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு, தைலம் தேய்க்கிறோம் என்று சொன்னாள் அல்லவா, அது இடுப்புப் பிடிப்பு இல்லை. அதற்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்து பாசாருக்கு மீன் வாங்கப் போனேன். மீனை வாங்கிக்கொண்டு வெளியே வந்து ரோட்டையும் தாண்டிவிட்டேன், பின்னால் மீன்காரர் விஜயன் கத்திக்கொண்டே ஓடி வருகிறார், கையில் என் ஒற்றைச் செருப்பு. பன்னிரண்டு மணி வெயிலில் தார் ரோட்டில் ஒரு காலில் செருப்பில்லாமல் நடந்திருக்கிறேன், எனக்குத் தெரியவே இல்லை. அண்ணே கால் சுடலையா என்று கேட்டார். சுடவில்லை மகளே. அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரிந்ததே, ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவனுக்கு முன்னால் ரெண்டு ரோடு, வீட்டுக்கு வந்தால் உன் அம்மா ரெண்டு ஜோசஃபின், ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்களே, மண்டைக்கு அடியில் மூக்குக்குப் பின்னால் கட்டி என்று மூக்கு வழியாகவே எடுத்தார்களே, அந்தக் கட்டியின் வாரிசு இப்போது முதுகெலும்பில் குடிவந்திருக்கிறது. ஸ்கேனில் பார்த்துவிட்டார்கள். அந்தக் கட்டி வருவதே பத்து லட்சத்தில் ஒருத்தருக்காம், அது முதுகுக்கு இறங்குவது அதிலும் அபூர்வமாம். லாட்டரி நம்பர் எடுத்து ஒரு ஆறுதல் பரிசுகூட விழாதவனுக்கு இதில் மட்டும் ரெண்டு தடவை முதல் பரிசு. இதைச் சொல்லி நான் சிரித்தேன், அம்மா சிரிக்கவில்லை.

இப்போது நான் ஏன் சிரிக்கிறேன் என்று சொல்கிறேன். டாக்டர் தாமரை, நம் ரவாங் ஊர்ப் பிள்ளைதான், சின்ன வயது, நல்ல பொறுமை, முதுகு நரம்பில் வீக்கம் இருக்கிறது, ஆபரேஷன் வரைக்கும் இதைப் போடுங்கள் என்று ஒரு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். சின்ன மாத்திரைதான், மிஷெல், உள்ளே போய் என்ன செய்ததோ, ரெண்டாம் நாள் என் காலுக்கு உயிர் வந்தது, மூன்றாம் நாள் வாய்க்கும் வந்துவிட்டது. நிறுத்தவே முடியவில்லை. முப்பது வருஷம் பஸ்ஸில் பிள்ளைகள் பின்னால் கத்தக் கத்த வாய் திறக்காமல் ஓட்டினவன், இப்போது குப்பை லோரிக்காரனை நிறுத்தி அவன் ஊர் உறவெல்லாம் விசாரிக்கிறேன். கேட்டுக்குப் பச்சை பெயின்ட் அடித்தேன், பாதியில் பிடிக்கவில்லை, நீலம் வாங்கி வந்தேன், இப்போது நம் கேட் ரெண்டு நிறம். ஞாயிறு பூசையில் பாட்டுக் குழுவை முந்திக்கொண்டு பாடினேன், சாமியார் திரும்பிப் பார்த்தார். பசியோ சொல்லி முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து மேசைக்காரரின் அப்பளத்தைப் புகழ்ந்து பேசிப் பேசி அதையும் அவரே கொடுக்கும்படி ஆக்கிவிட்டேன். முகம் பூரி மாதிரி உப்பியிருக்கிறது, நீ பார்த்தால் சிரிப்பாய். அம்மாதான் பாவம். வாசலில் நின்று பக்கத்து வீட்டு சீதாலெட்சுமியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், என் காதில் விழுந்தது: "முப்பத்தஞ்சு வருஷமா இந்த மனுஷன் பேச மாட்டாரான்னு வேண்டுனேங்கா. இப்ப ஒரு நாளாச்சும் நிறுத்த மாட்டாரான்னு வேண்டுறேன்."

டாக்டரிடமும் கேட்டேன், எனக்குப் பைத்தியம் ஏதாவது பிடித்துவிட்டதா என்று. அவர் சிரித்துக்கொண்டே, "அங்கிள், இது நீங்க இல்ல, மாத்திரை பேசுது லா" என்றார். எனக்கு அது முழுக்கச் சரி என்று படவில்லை. மாத்திரை ரேடியோவைச் சத்தமாக வைத்தது, பாட்டு என்னுடையதுதான். உன் பெயரைச் சொல்லி அம்மாவிடம் தினமும் பேசுகிறேன், நீ முதல் நாள் என் பஸ்ஸில் ஏறி டிரைவர் சீட்டுக்குப் பின்னால்தான் உட்காருவேன் என்று அடம் பிடித்தது முதல் எல்லாம் பேசுகிறேன், அந்தப் பேச்சு எந்த மாத்திரைக்குள் இருந்தது, சொல்லு. ஆனால் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது என்று திங்கட்கிழமையிலிருந்து மாத்திரையைக் குறைக்கிறார்கள். அதனால்தான் இந்த அவசரம், பேச்சு இருக்கும்போதே பேசிவிட வேண்டும்.

அடுத்த வெள்ளி விட்டு அதற்கு அடுத்த வெள்ளி முதுகில் ஆபரேஷன். முழுவதும் எடுக்க முடியாதாம், நரம்பை அழுத்துகிற பாகத்தை எடுத்துவிட்டுப் பிறகு கதிர்வீச்சு கொடுப்பார்களாம். நடப்பேனா என்று கேட்டேன். நடக்க வைக்கத்தான் செய்கிறோம் அங்கிள், ஆனால் பிராமிஸ் பண்ண முடியாது என்றார். உண்மையைச் சொன்னார், எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. உனக்கு இன்னும் ரெண்டு மாதத்தில்தான் வேலை உறுதியாகும், சொன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாய், ஆபரேஷன் முடிந்து சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னாள், நானும் தலையாட்டினேன். அம்மா மேல் கோபப்படாதே, உன் நல்லதுக்குத்தான் சொன்னாள், ராத்திரி ஒளிந்து அழுகிறாள். ஆனால் தலையாட்டினது மாத்திரைக்கு முந்தின கபிரியேல். எனக்குப் பயமாக இருக்கிறது மிஷெல். வாழ்க்கையில் முதல் தடவையாக இதை எழுதுகிறேன், எழுதினதும் பாதி பயம் போய்விட்டது, பார், இதுவும் ஒரு வேடிக்கை. வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், பரவாயில்லை, ஏர்போர்ட்டுக்கு ஜெயராஜ் அங்கிள் ஓட்டுவார். ஆபரேஷனுக்கு முன்னால், ஏர்போர்ட்டில் நீ பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது நான் என் ரெண்டு காலில் நின்று உன்னைப் பார்க்க வேண்டும். பிறகு எப்படி ஆனாலும் சரி. ஒரு வாரம் லீவு கேட்டுப் பார், சம்பளமில்லாத லீவாக இருந்தாலும் கேள்.

ஒன்று சொல்லி வைக்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். இது உன் கையில் கிடைக்கும்போது மாத்திரை குறைந்திருக்கும். நீ பதறிப்போய் போன் செய்வாய். எடுக்கிறவர் பழைய ஆள். சாப்பிட்டியா என்பார். ஒண்ணும் இல்லம்மா, நீ வரவேணாம், வேலையைப் பாரு என்பார். குரல் என் குரலாகவே இருக்கும். அந்த ஆளை நம்பாதே, அறுபத்தெட்டு வருஷமாக அவர் மனதில் இருப்பதைச் சொன்னதே இல்லை. இந்தக் கடிதத்தை நம்பு. வா.

மாதா உன்னைக் கையில் ஏந்திக் காக்கட்டும், உன் வேலையும் உடம்பும் ஆண்டவர் நிழலில் நிலைக்கட்டும். மசாலாத்தூளை உடனே டப்பாவில் போட்டு இறுக்கி மூடு, ஈரம் படக்கூடாது என்று அம்மா யுகேந்திரனிடம் மூன்று தடவை சொல்லிவிட்டாள். பாதி டப்பா போதும், மீதியை நீ இங்கே வந்துவிட்டுத் திரும்பிப் போகும்போது அரைத்துத் தருவாள்.

இப்படிக்கு,
இந்த வாரம் மட்டும் வாய் திறந்திருக்கும் உன் அப்பா,
கபிரியேல்