2-8 ஏறாத கை

ஆவணி 4, வெள்ளி

விடியலிலிருந்து தூறல். கடை வாசலில் சாக்கு விரித்தேன், எருமை ஒன்று மிதித்துப் போனது. முதல் போணி அதற்குத்தான்.

வாங்க வேண்டியது: பச்சைக் கண்ணாடி வளையல், அரக்கு, குங்குமம், சோப்பு.

குவார்ட்டர்ஸ் பெண்கள் நாலு பேர். ஒருத்தி, "சைஸே கேக்காம எப்படிக்கா எடுக்கறீங்க?"
"கையக் குடு. புடிச்சுப் பாத்தா உன் மாமியார் எத்தினி மணிக்கு எந்திரிப்பான்னு கூட சொல்லுவேன்."
ஒரே சிரிப்பு. படித்தது மூணாங்கிளாஸ். ஆனால் கட்டைவிரல் அடியில் ஒரு அழுத்து போதும், 2-4 ஆ 2-6 ஆ என்று கை சொல்லிவிடும்.

மதியம் கடையில் யாரும் இல்லை. என் கைக்குள் மறுபடி மல்லிகா கை, வைகாசியில் பிடித்தது. மெத்தென்று, சூடாக. சோப்பு போட்டுக் கழுவினேன். போகவில்லை.

ஆவணி 5, சனி

யாரிடமும் சொல்ல முடியாததால் இதில் எழுதுகிறேன்.

மல்லிகா, கோவில்பதாகைப் பெண். கல்யாணத்திலிருந்து என் கடைதான். எப்போதும் 2-4. வைகாசியில், ஒன்பதாம் மாதம், வளைகாப்புக்கு முதல் நாள் வந்தாள். 2-4 ஏறவில்லை. 2-6ம் ஏறவில்லை. சோப்பு போட்டும் 2-8 விரல் முட்டி தாண்டவில்லை. அழுத்திய இடத்தில் என் விரல் பள்ளம் அப்படியே நின்றது.
"தல வலிக்குதுக்கா. கண்ணு வேற மசமசன்னு கீது."
நான் சொன்னது: "உன் ஊட்டுக்காரன் ஊட்டி ஊட்டி கைய பன்னு மாதிரி ஆக்கி வச்சிகீறான். கண்ணு தெரியாததும் நல்லதுதான், அவன் மூஞ்சியப் பாக்க வேணாம்."
கடையே சிரித்தது. அதிகம் சிரித்தது அவள்தான்.

நாலாம் நாள் வீட்டிலேயே வலிப்பு. தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு. அவள் நாத்தனார் வந்து சொன்னாள்: கை வீங்கினதும், தலை வலித்ததும் பிரஷர் ஏறியதால்தானாம், அப்போதே கூட்டி வந்திருக்கணும் என்று டாக்டர் திட்டினாராம். வீட்டில் பிள்ளைத்தாச்சி வீக்கம் என்று விட்டுவிட்டார்கள். மல்லிகா என்னிடம் சொன்னாள். நான் சிரிக்க வைத்து அனுப்பினேன்.

சிவப்பில் ஒரு டஜன் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாள், 2-4. "கொழந்த பொறந்தா கை பழையபடி ஆயிடும்கா, அப்ப வரேன்." மஞ்சள் நூலில் கட்டி ஆணியில் தொங்குகிறது.

ஆவணி 8, செவ்வாய்

வெயில். இட்லி மாவு புளித்துவிட்டது.
வீட்டுக்காரர்: "இன்னாடி, கடையில கூத்தே காணோம்?"
"தொண்ட கட்டிகிச்சு."
ஒரு பெண் அந்தச் சிவப்பு டஜனைக் கேட்டாள். கை ஆணி வரை போய்த் திரும்பியது. அது வேறு ஆளுடையது என்றேன்.

ஆவணி 11, வெள்ளி

கூட்டம். குவார்ட்டர்ஸிலிருந்து திருநெல்வேலி அம்மா ஒருத்தி, மருமகள் செல்வியோடு. எட்டு மாதம் முடியப் போகிறதாம். ஞாயிறு வளைகாப்பு.
கையைப் பிடித்தேன். அழுத்தினேன். பள்ளம். எழும்பவில்லை.
அதே கை.
பன்னு என்று வாய் நுனி வரை வந்தது. விழுங்கினேன்.
"தல வலிக்குதாம்மா?"
அவள் மாமியாரைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாளா."
"நான் வளையல் போட மாட்டேன். இப்பவே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க."
"நீ வளவிக்காரியா, டாக்டரா? நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல இப்படியா பேசுவாவ? ஏட்டி செல்வி, எந்திரி. வேற கடையா இல்ல?"
நான் கையை விடவில்லை. விளையாடுகிறேன் என்று நினைத்து யாரோ பின்னால் சிரித்தார்கள்.
"சிரிக்காதீங்க. வைகாசில இதே மாதிரி ஒரு கையப் புடிச்சேன். கேலி பண்ணி அனுப்பிச்சேன். செத்துப் போச்சும்மா அந்தப் பொண்ணு."
மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துக் கடைக்காரரை விட்டு ஆட்டோ பிடித்தேன்.

ஆவணி 12, சனி

தகவல் இல்லை. மழை. சோப்பு வாங்க மறந்தேன்.

ஆவணி 14, திங்கள்

திருநெல்வேலி அம்மா வந்தாள். படி ஏறவில்லை, வாசலிலேயே நின்றாள்.
"பெட்டுல சேத்துட்டாவ. பிரஷர் எக்கச்சக்கமாம். ஊசி போட்டிருக்காவ. ரெண்டு நாள் கழிச்சுத்தான் எதுவும் சொல்லுவாவளாம்."
கொஞ்ச நேரம் வளையல்களையே பார்த்தாள். "வளவி குடு. அங்கேயே போட்டு விடுதேன்."
"இப்ப வேணாம்மா. வீக்கம் வடியட்டும். நானே வந்து போடறேன்."
"வடியுமா?"
எனக்குத் தெரியாது என்றேன். போய்விட்டாள்.

மதியம் மல்லிகா கை வந்தது. இன்று கழுவவில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். பள்ளம் அப்படியே.