மேற்படிப்புக்கு இடம் கிடைத்த மாலை

அன்பே,

நம் பெரியவள் கெண்ட்ராவுக்கு நாம் ஆசைப்பட்ட பல்கலைக்கழகத்திலேயே முன்கூட்டிய சேர்க்கை கிடைத்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் கோல் கம்பத்தில் தலையை மோதிக்கொண்டாள். "டாக்டர் வேணாம்மா. அந்த யூனிவர்சிட்டி ஹாக்கி கோச் காதுக்குப் போச்சுன்னா என் இடத்துக்கு வேற பொண்ண எடுத்துக்குவார். முடிவு வர்ற வரைக்கும் பொறுத்துக்கோயேன்" என்று கெஞ்சினாள். நானும் பொறுத்துக்கொண்டேன்.

இன்று மாலை முடிவு வந்தது. எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று என்னையே வாசிக்கச் சொன்னாள். வாசித்ததும் கட்டிக்கொண்டு அழுதோம். "அப்போ உன் ரூம் எனக்குத்தான்!" என்று சின்னவள் டெஸ் குதித்தாள்.

கேக் சாப்பிட்டு முடித்துத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கெண்ட்ரா பின்னால் வந்து நின்று, "முடிவு வந்துடுச்சாம்மா?" என்று கேட்டாள்.

விளையாட்டென்று நினைத்து டெஸ் சிரித்தாள். கெண்ட்ரா சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஸ்கேன் எடுக்க அவளை உள்ளே கூட்டிப் போயிருக்கிறார்கள். கோச்சிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இடம் போனால் போகட்டும். உன் கப்பல் கரை தொட்டதும் நேராக இங்கே வந்துவிடு.

காரில் வரும்போது இன்னும் இரண்டு தடவை கேட்டாள். "கிடைச்சிருச்சு கண்ணு" என்றேன். இரண்டு தடவையும் அப்போதுதான் கேட்பவள் போலத் துள்ளினாள்.

உனக்காகக் காத்திருக்கும்,
உன் மனைவி