வடிகால் கதவை மூடியவருக்கு

இன்று காலை மழை. வெள்ளவத்தையில் நம் ஒழுங்கையின் மூலையில் எழும்பும் மாடிக்கட்டடத்துக்கு முட்டுக்கொடுக்கவென்று, பட்டை உரிக்காத மரங்களை நேற்று இறக்கியிருந்தார்கள். அவை நனைந்ததும் அந்தப் புளித்த வாசனை நம் மூன்றாம் மாடி வீடுவரை ஏறி வந்தது. வேலைவிட்டு வரும்போது உமது சேலைக் கரையில் இருந்த அதே வாசனை என்று எழுத எண்ணினேன். ஏறத்தாழ அதே என்பதே சரி.

அப்போது துறைமுகத்து மரமுற்றத்தில் நான் சட்ட உத்தியோகத்தர். நீர் புதிதாக வந்த சுற்றாடல் உத்தியோகத்தர். உமது வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கப்பல்களில் வந்த மரக்குற்றிகளை அங்கே மலைபோல் அடுக்கியிருப்பார்கள். உதிர்ந்த பட்டை மழையில் ஊற, பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் தண்ணீர் வடிகால் வழியே கடலுக்கு இறங்கும். இறங்கும் இடத்தில் மீன்கள் மூச்சுக்குத் தவித்து மேலே வந்து வாய் பிளக்கும். பட்டையை அள்ளி முடிக்கும்வரை வடிகால் கதவை மூடவேண்டும் என்றீர். மூடினால் முற்றத்தில் வெள்ளம் நிற்கும், லொறிகள் ஓடா.

“மிஸ், கப்பல் காத்து நிக்குது. தண்ணி கடலுக்குத்தானே போகுது, உங்க வீட்டுக் குசினிக்கா போகுது?” என்றார் கொட்டாஞ்சேனைக்காரரான முற்றத்து மேலாளர்.

“கடல் என்ன, உங்கட பின்வளவோ?” என்றீர்.

“இன்னைக்கு மூடுனா நாளைக்கு உங்களுக்கு வேலை இருக்காது, சொல்லிட்டேன்.”

குடைக்குள் ஒதுங்கி நின்ற என் பக்கம் திரும்பினீர். “நீங்கள் சட்டம் படிச்சனீங்கள். இதை மூட எனக்கு அதிகாரம் இருக்கோ?”

விதிகளை மனத்தில் ஒருமுறை புரட்டினேன். “இருக்கு எண்டு சொல்லேலாது. இல்லை எண்டும் சொல்லேலாது.”

“அப்ப பூட்டுறன்.”

கதவின் சக்கரத்தை நீரே சுற்றினீர். முழங்கால்வரை தண்ணீர் ஏறியது. மிதந்த பட்டையைத் தொழிலாளர் வாரியால் இழுத்து அள்ளினார்கள். மேலிடம் உம்மிடம் எழுத்தில் விளக்கம் கோரியது. மறுமொழியை நான் வரைந்தேன். அதிலிருந்த ஒரேயொரு துணிச்சலான வசனம் உம்முடையது. வேலை போகவில்லை. மழைக்கு முன் பட்டை கூட்டுவது பின்னர் அங்கே வழக்கமாயிற்று. நம் திருமணத்துக்கும் அந்தக் கதவே முகவுரை.

அதன்பின் எல்லாம் அப்படியே நடந்தது. நான் இரு பக்கத்தையும் எடுத்து வைப்பேன். நீர் ‘அப்ப’ என்று தொடங்குவீர். களுபோவில ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குச் சம்மதமா என்று மருத்துவர் கேட்டபோதும், நான் நன்மை தீமைகளைச் சொல்லி முடிக்குமுன், கட்டிலில் படுத்தபடியே “அப்ப செய்யட்டும்” என்றீர். அந்த முடிவு பிழையென்று நான் கருதவில்லை. உடல் தாங்கவில்லை, அவ்வளவே.

நேற்று மகள் மெல்பேர்னிலிருந்து கதைத்தாள். “அப்பா, தனிய இருந்து என்ன செய்யிறியள்? இஞ்ச வாறியளோ இல்லையோ, ஒண்டைச் சொல்லுங்கோ.”

“வாறன் எண்டு சொல்லேலாது, பிள்ளை. வரமாட்டன் எண்டும் சொல்லேலாது.”

சொல்லிவிட்டு நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்பது பிறகே விளங்கியது. இரண்டு வசனங்களுக்குப் பின் உமது சொல்லுக்கு இடம் விடுவது என் நாவின் பழக்கமாகிவிட்டது. நீர் போன பின்னும் அந்த இடத்தை நான் விட்டுக்கொண்டே இருக்கிறேன். நேற்றும் விட்டேன். யாரும் பேசவில்லை.

“அப்பா, லைனில இருக்கிறியளோ?”

“ஓம் பிள்ளை,” என்றேன். “இருக்கிறன்.”