வராந்தாவில் நிற்காத மாப்பிள்ளை

பவானிபூர், கல்கத்தா
29 செப்டம்பர் 1912

சௌபாக்கியவதி விஜயலக்ஷ்மிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நான் சௌக்கியம். முழங்கால் வலியை நான் வியாதிகளில் சேர்ப்பதில்லை.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஜகதாம்பாள் அம்மாள் அவர்களுக்கு என்று முனிசிபாலிடிக்கு எழுதுவது போல ஆரம்பித்திருக்கிறாய். ஆனாலும் நான்கு பக்கத்தில் ஒரு பிழை இல்லை. கான்வென்டில் என் விரல் கணுவில் அடித்து அடித்து எழுத வைத்த மதர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

நீ தெரிந்துகொள்ள வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை செவ்வாய்க்கிழமை சிறையை விட்டு வெளியே வருவார். இந்தக் கடிதம் கும்பகோணம் வந்து சேரும்போது வந்திருப்பார். பிரசவித்த உடம்போடு அழுதுகொண்டிராதே.

பெற்ற பெண்ணின் புருஷனுக்குச் சேர வேண்டிய கூலியை நான் விழுங்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். விழுங்கவில்லை, நிறுத்தி வைத்தேன். அது எப்படி என்று உனக்குத் தெரிய வேண்டும். அலிப்பூர் கட்டட வேலையை எங்கள் கம்பெனிக்குக் கொடுத்தது ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி. அவர்கள் எனக்குக் கொடுத்தால் நான் எனக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கொடுப்பேன். தலைநகரம் டில்லிக்குப் போகிறது என்று அறிவித்ததிலிருந்து அவர்கள் கையை இறுக்கிக்கொண்டார்கள். வருகிற கொஞ்சத்தை யாருக்குக் கொடுப்பது? சனிக்கிழமை ஆபீஸ் வராந்தாவில் வந்து நின்று கேட்கிறவர்களுக்கு. உன் அப்பா காலத்திலிருந்து அதுதான் வழக்கம். கொல்லன் நிற்கிறான், தச்சன் நிற்கிறான், பர்மா தேக்கு விற்கிற மார்வாடியும் குடையை மடக்கிக்கொண்டு நிற்கிறார்.

மாப்பிள்ளை மட்டும் நிற்கவில்லை. மாமியார் வீட்டு வராந்தாவில் மாப்பிள்ளை கை கட்டி நிற்பதா என்று தன் பில்லை என் குமாஸ்தா ஸ்ரீனிவாசராகவனிடம் கொடுத்தனுப்பினார். கூடத்தில் உட்கார்ந்து இலையில் சாப்பிட வரும்போது அவர் மாப்பிள்ளை. மொட்டைமாடித் தளம் போட ஒப்பந்தம் எடுத்த பிறகு அவர் ஒப்பந்தக்காரர். இரண்டாகவும் இருக்க முடியாது என்று ஸ்ரீனிவாசராகவனிடம் சொல்லி அனுப்பினேன். பில்லையும் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமையும் அவர் வரவில்லை. நானும் கொடுக்கவில்லை.

தளம் அடிக்கிற பெண்களை நீ பார்த்திருக்கிறாய். வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே மரக்கட்டையால் அடிப்பார்கள். சுண்ணாம்பும் செங்கல் பொடிச் சுர்க்கியும் கல்லாக இறுகும்வரை அந்த அடி நிற்கக் கூடாது. கூலி வராததால் அவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். திரும்ப அழைத்து வருவதற்குள் தளம் அரைகுறையாக இறுகிவிட்டது. முதல் மழையில் ஒழுகிற்று. ஒழுகின தளத்துக்குப் பணம் கிடையாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கூலி கொடுக்காததால்தானே ஒழுகியது என்று கேட்டிருக்கிறாய். ஆமாம், அதனால்தான். ஒப்பந்தத்தில் காரணம் கேட்கிற இடம் இல்லை.

இனி சிறை விஷயம். பெஹாலாவில் செங்கல்லை இடித்துச் சுர்க்கி விற்கிற மோக்ஷதா என்ற விதவையிடம் மாப்பிள்ளை கடனுக்குச் சரக்கு எடுத்திருந்தார். அவள்தான் கோர்ட்டுக்குப் போய் அவரை உள்ளே வைத்தாள். நான் அந்தக் கடனை அடைத்துவிடுகிறேன், எனக்கும் அவருக்கும் பாக்கி எதுவும் இல்லை என்று ஒரு கையெழுத்துப் போடட்டும் என்று சொல்லி அனுப்பினேன். கம்பெனி தர வேண்டியதைத் தரட்டும், அத்தையின் தானம் எனக்கு வேண்டாம் என்று பதில் வந்தது. அதன் பிறகு என் பெட்டியிலிருந்து ஒரு காசு எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வேறு வழி இருந்தது. கடன்பட்டவரைச் சிறையில் வைத்தவர்தான் அவருடைய சாப்பாட்டுக்கு மாதம் பிறப்பதற்கு முன்னால் கோர்ட்டில் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஆளை விட்டுவிடுவார்கள். அதே கடனுக்காக மறுபடியும் பிடிக்க முடியாது.

மோக்ஷதாவை வரச்சொன்னேன். என்னை அக்கா முறை வைத்துத் தீதி என்றுதான் கூப்பிடுவாள். பெற்ற பிள்ளைக்குக்கூட நான் இப்படி மாதம் தவறாமல் சோறு போட்டதில்லை தீதி, உங்கள் மாப்பிள்ளை நன்றாகத்தான் சாப்பிடுகிறார், என் பணம்தான் மெலிகிறது என்றாள். கெட்டிக்காரி. அக்டோபருக்குச் சாப்பாட்டுப் பணம் கட்டினால் உன்னிடம் இனி ஒரு கூடைகூட வாங்கமாட்டேன், கட்டாவிட்டால் துர்கா பூஜைக்கு முன்னால் வேண்டிய சரக்கு முழுவதும் உன்னிடம்தான் வாங்குவேன் என்றேன். அவரை விட்டால் என் பழைய பணம் போய்விடுமே, நீங்களும் வெள்ளை கட்டுகிறவர்தானே, கொஞ்சம் யோசியுங்கள் என்றாள். வெள்ளை கட்டினால் சுர்க்கி விலை குறையுமா என்று கேட்டேன். எழுந்து போனாள். அவள் கட்டமாட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஸ்ரீனிவாசராகவனுடன் வண்டி அனுப்புகிறேன். மாப்பிள்ளைக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்ததும் காற்றில் வைக்காதே.

உன் அம்மா,
ஜகதாம்பாள்


பவானிபூர், கல்கத்தா
9 அக்டோபர் 1912

விஜயலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம்.

வண்டி காலியாகத் திரும்பி வந்தது. என் கடனை யார் கட்டினார்கள் என்று மாப்பிள்ளை கேட்டாராம். யாரும் கட்டவில்லை என்று இந்த ஸ்ரீனிவாசராகவன் நடந்ததை எல்லாம் ஒப்பித்திருக்கிறான். அத்தைக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை பெஹாலா பக்கம் நடந்தே போய்விட்டார்.

இப்போது மோக்ஷதாவின் சுர்க்கிக் களத்தில் இருக்கிறார். கூடை அளக்கிறார், வண்டி ஏற்றுகிறார், கொட்டகையில் படுக்கிறார். கடன் கழிகிறவரை கூலி வாங்கமாட்டாராம். எஞ்சினீயரிங் படித்த மனிதர், உன் கழுத்தில் தாலி கட்டினவர், தலையெல்லாம் செங்கல் பொடியோடு நிற்பதை என் ஆட்கள் பார்த்துவிட்டு வந்து என்னிடமே சொல்கிறார்கள்.

சனிக்கிழமை அவளுடைய சரக்கு வந்தது. சரியாகச் சலிக்கவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பச் சொன்னேன். விரலால் எடுத்துப் பார்த்தேன், மாவு மாதிரி சன்னமாகத்தான் இருந்தது. அவர் நின்று சலித்திருக்கிறார்.

மோக்ஷதா வராந்தாவுக்கே வந்துவிட்டாள். நீங்கள் சொன்னபடிதானே செய்தேன், வாக்குக் கொடுத்தீர்களே என்றாள். வாக்கைக் காகிதத்தில் எழுதி வாங்கினாயா என்றேன். உன் களத்தில் என் மாப்பிள்ளை கூலிக்காரனாக இருக்கிறவரை இந்தக் கம்பெனி உன் சரக்கைத் தொடாது என்றும் சொன்னேன். நானா கட்டி வைத்திருக்கிறேன், போங்கள் போங்கள் என்று தினமும் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அவர் போகமாட்டேன் என்கிறார் என்றாள். அதோடு விடவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட உங்களுக்கு வாய் வரவில்லை தீதி, அதற்கு என்னை ஏன் அடிக்கிறீர்கள் என்று இரைந்து கேட்டாள். தச்சன், கொல்லன், மார்வாடி எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவளை வெளியே அனுப்பச் சொன்னேன். போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் அவள் சரக்கு திரும்பிப் போகும். கல்கத்தாவில் மற்ற கம்பெனிக்காரர்களுக்கும் சொல்லிவிட்டேன். அவள் களம் பூஜையைத் தாண்டாது. தாண்டாது என்பது மாப்பிள்ளைக்கும் தெரியும். அப்படியும் அங்கேதான் இருக்கிறார். அவள் மூழ்கினாலும் கூடவே மூழ்குவாரே தவிர என் வாசலில் கால் வைக்கமாட்டார் போலிருக்கிறது.

ஆகையால் நீ அவருக்கு ஒரு வரி எழுது. நீ எழுதினால் கேட்பார். அவருடைய பில்லை ஒழுகின தளத்தோடு சேர்த்து முழுவதும் பாஸ் செய்து கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். மேலேயிருந்து எனக்கு இன்னும் ஒரு பைசா வரவில்லை, பெட்டியில் கிடந்த என் பழைய வளையல்களை அடகு வைத்து எடுத்த பணம். வராந்தாவில் நிற்க வேண்டாம். வாசல் வழியாக வரட்டும், கூடத்தில் உட்காரட்டும், நான் என் கையால் எடுத்துக் கொடுக்கிறேன். அந்த மோக்ஷதாவுக்கு அவரே கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்ளட்டும். கொடுத்த அன்றைக்கே அவள் சரக்கை வாங்கச் சொல்கிறேன். அவர் வரவில்லையானால் நான் சொன்னது சொன்னதுதான். இதை நீ அவருக்கு அப்படியே எழுதலாம்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்படி எண்ணிக்கொள்ளாதே.

உன் மாமனார் ஆண் குழந்தை என்று ஒரு கார்டு போட்டதோடு சரி. நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது. பெயர் வைத்திருப்பீர்கள். இந்த வீட்டுக்கு யாரும் எழுதவில்லை. தினமும் விளக்கேற்றி எல்லாருக்கும் பெயர் சொல்லி வேண்டிக்கொள்கிறேன், குழந்தையின் முறை வரும்போது வெறுமனே நிற்கிறேன். ஒரு கார்டில் அந்தப் பெயரை மட்டும் எழுதிப் போடு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

தீர்க்காயுசாக இருங்கள்.

அம்மா