துருவில் பதிந்த பெருவிரல்

என் துருக்கை மச்சான் ரபீக்குக்கு,

நீ போன பிறகும் உன் கை வேலையை நிறுத்தவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

காய்ச்சலோடு சிங்காநல்லூர் பட்டறையிலிருந்து ஆட்டோவில் கிளம்பினாயே, அன்று நம் முதல் காட்டுக் கத்தியைத் தேய்த்து முடித்திருந்தாய். வெறும் கையால் தடவிப் பார்த்துவிட்டு, எண்ணெய் பூசாமல் பேப்பரில் சுற்றி வைத்துவிட்டாய். மறுநாள் பூசிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாய். மறுநாள் ஆஸ்பத்திரி. அப்புறம் உக்கடத்தில் உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

வெகுநாள் கழித்துத்தான் பேப்பரைப் பிரித்தேன். அலகின் முதுகோரம் உன் பெருவிரல் ரேகை, துருவால் எழுதியது போல. குறுக்கே கிரைண்டர் பெல்ட் கிழித்த தழும்பு. வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது.

காரணம் எனக்குத் தெரியும். வியர்வை உப்பு, கார்பன் ஸ்டீல், ஈரக்காற்று. சிலருடைய வியர்வை இரும்பைச் சீக்கிரம் தின்னும். நாம் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் கையுறை இல்லாமல் அளவுக் கருவிகளைத் தொட உன்னை விடமாட்டார்கள். துருக்கை என்று நான் பெயர் வைத்தது அப்போதுதான். காரணம் தெரிந்தால் பயம் போய்விட வேண்டுமல்லவா? போகவில்லை. பிரித்துப் பார்க்கும்போதெல்லாம் ரேகை இன்னும் கொஞ்சம் தடித்திருந்தது. நீ அழுத்திக்கொண்டே இருந்தாய்.

இதற்கிடையில் அன்னூர்க்காரர் வந்தார், மலையேற்றத்துக்கு ஆள் கூட்டிப் போகிறவர். இதே கத்தி வேண்டும், கருப்புப் பூச்சுப் போட்டு என்றார். பூச்சுப் பிடிக்க முதலில் காற்றழுத்தத்தில் மணலடித்து அலகைச் சுரண்ட வேண்டும். மணலடித்தால் ரேகை போய்விடும்.

நம் பழைய சண்டையே இதுதானே. பூச்சு இருந்தால் துரு வராது, வெயிலில் மின்னாது என்பேன்.

"பூச்செல்லாம் மோசமா கிரைண்ட் பண்ணத மறைக்கத்தான் மச்சான். கருப்புக் கத்தி சருகுல உழுந்தா எங்கடா தேடுவே? வெறும் அலகா உடு. கெட்டி டீயில ஊறப்போடு, நெறம் ஏறிக்கும்" என்பாய்.

"கத்தி விக்கறமா, டீக்கடை வெக்கறமா?"

"கத்தி ஓடலீன்னா டீ ஓடும்டா."

அலகின் இரும்பு கைப்பிடியின் கடைசிவரை போக வேண்டும், நுனியை ஊசியாக இழைக்கக் கூடாது. அவ்வளவுதான் நாம் ஒத்துப்போனது.

போன வாரம் உங்கத்தா உன் ஹெல்மெட்டை எடுத்துப்போக வந்தார். கத்தியைக் காட்டினேன். ரேகைக்கு மேலே தன் பெருவிரலைக் கொண்டுபோனார். தொடவில்லை.

"தொடச்சா போயிருமா கண்ணு?"

"போயிரும்ங்க அத்தா."

"தொடைக்காட்டி?"

"இரும்பத் தின்னுட்டே இருக்கும்ங்க."

விரலை எடுத்துக்கொண்டார். "எதையும் பாதில உடமாட்டான் எம் பையன்" என்றார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்னூர்க்காரருக்கு வேறு அலகை இழைத்து மணலடிக்க அனுப்பிவிட்டேன். உன்னுடையதைக் கெட்டி டீயில் இறக்கினேன். டீயின் துவர்ப்பு துருவைக் கருப்பாக்கி அடக்கிவிடும். எடுத்துக் கழுவியபோது அலகு முழுக்க மழைமேக நிறம். ரேகை அதைவிடக் கருப்பு. தழும்பு மட்டும் வெளிறிய கோடு.

ஈரத்தை ஒற்றி எடுத்து எண்ணெய் பூசினேன். இனி அது வளராது. இரும்புக்கு அதுதான் நல்லது. ஆனால் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்: உன்னை நிறுத்தியது நான்தானா?

பூச்சு விஷயத்தில் நீ சொன்னது சரி என்று இப்போதும் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் இந்தக் கத்தியைக் கண்ணாடி அலமாரியில் வைக்கமாட்டேன். வேலைக்குச் செய்த கத்தி. விறகு பிளப்பேன், துடைப்பேன், எண்ணெய் பூசுவேன். சருகில் விழுந்தால், மழையே வந்தாலும், தேடி எடுக்காமல் மலையிறங்கமாட்டேன்.

உன் கையை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருக்கும் மச்சான்,
கார்த்தி