கோணல் கைப்பிடி

18-1-1973

அன்பு அம்சவல்லிக்கு,

சக்கரபாணி எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? சிராமிக் கம்பெனியில் கப்புக்குக் கைப்பிடி ஒட்டி ஒட்டி உனக்கு விரல் வெடித்திருந்ததே, ஆறிவிட்டதா? நான் சௌக்கியம்.

காணும் பொங்கலுக்கு இந்தக் கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. என் படகில் ஏறியவர்களை என்னவென்று சொல்வேன்! உட்காரச் சொன்னால் எழுந்து நின்று போட்டோ பிடிக்கிறார்கள். நீச்சல் தெரியும் என்று குதித்தவரைத்தான் முடியைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. "பெரிய அலையாப் பாத்து வுடுப்பா" என்கிறார் ஒருவர். அலையை நானா கட்டி வைத்திருக்கிறேன்?

கடைசி நடையில் ஓர் அம்மாள், படகில் தெறித்த தண்ணீரை வாரி ஊற்ற என் டீ கப்பை எடுத்து, கைதவறிக் கடலில் போட்டுவிட்டார். கைப்பிடி கோணல் என்று கம்பெனியில் கழித்ததை, நான் கிளம்பும்போது நீ பையில் வைத்தாயே, அந்தக் கப். நானும் குதித்துவிட்டேன். கரைக்குப் பக்கம், மார்பளவுத் தண்ணீர்தான், பயப்படாதே.

"ஒரு கப்புக்காவ ஆளுங்கள அம்போன்னு வுட்டுட்டுக் குதிப்பியாய்யா?" என்று கரையிலிருந்து படகு மேஸ்திரி கத்தினார். கப் கிடைத்தது. கைப்பிடிதான் உடைந்துபோனது. துண்டைச் சுற்றிப் பிடித்துக் குடிக்கிறேன்.

மாசி மகத்துக்கும் லீவு கிடையாதாம். நம் தெரு நடராசன் லாரியில் இந்தப் பக்கம் வந்தால், சளிக்குக் கொஞ்சம் சுக்கும் ஒரு கப்பும் கொடுத்தனுப்பு. படகுக்கு ஆள் வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள். நல்ல கப்பாக அனுப்பிவிடாதே, எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான். கோணலாகப் பார்த்து, நீ ஒட்டியதாகவே அனுப்பு.

சக்கரபாணி