இடது தோள் தாழும் றோபோ

இவ்வளவு காலமும் பேசாமல் இருந்தது போதும். நீ இருந்தபோது உனக்கு ஒரு வரி எழுத மனம் வரவில்லை. இப்போது நீ இல்லை, எழுதுகிறேன்.

என் மேசையில் நீ ஒரு படத்துக்காக வடிவமைத்த றோபோ நிற்கிறது. ஒரு சாண் உயரமான பிளாஸ்ரிக் பொம்மை. உன் மகள் ரொறன்ரோவிலிருந்து கொண்டுவந்து தந்தாள். பெட்டியைத் திறந்தபோது எழுந்த புதுப் பிளாஸ்ரிக் மணம் இன்னும் அறையை விட்டுப் போகவில்லை. முதுகிலுள்ள விசையை அழுத்தினால் அது ஓர் அடி எடுத்து வைக்கும். அதற்கு முன் இடது தோள் மெல்லத் தாழும். ஒரு கணம் அப்படியே நிற்கும். பிறகுதான் கால் எழும். பிள்ளைகள் திரும்பத் திரும்ப விசையை அழுத்துவது அந்த ஒரு கணத்துக்காகத்தானாம். உன் மகள் சொன்னாள். எனக்கு அதை யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வருகிற கிழமை கீரிமலையில் உன் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. அன்று கொடுக்கப்போகும் நினைவு மலருக்கு என்னிடம் ஒரு பக்கம் கேட்டுத்தான் அவள் வந்தாள்.

“அங்கிள், அப்பாவோடை படிச்ச ஆக்களிலை இஞ்சை மிஞ்சியிருக்கிறது நீங்கள்தான். றோபோவைப் பற்றி எழுதுங்கோ. அட்டையிலையும் அதைத்தான் போடுறம்.”

“அதைப் பற்றி உங்கடை அப்பா என்ன சொன்னவர்?”

“சின்ன வயசிலை சூரன்போரைத் தனிய நிண்டு பாக்கேக்கை வந்த யோசினை எண்டு சொல்லுவார். பேட்டியிலையும் சொல்லியிருக்கிறார்.”

தனிய. அந்தப் பேட்டியை வெளிவந்த காலத்திலேயே வாசித்தேன். அதற்குப் பிறகுதான் உன் புதுவருட வாழ்த்துகளுக்குப் பதில் போடுவதை நிறுத்தினேன். ஏன் என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. தெரிந்தவன் எதற்குக் கேட்பான்?

நம்முடைய றோபோச் சண்டை தொடங்கியது தொண்டைமானாற்றில், உன் சித்தப்பா வீட்டு முற்றத்தில். மின்சாரம் இல்லாத காலம். தொலைக்காட்சிப் பெட்டி, வீடியோ டெக், ஜெனரேற்றர் எல்லாவற்றையும் வாடகைக்கு எடுத்து, அயல் முழுதும் கூடிப் படம் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு தமிழ்ப் படங்களுக்கு நடுவில் யாரோ ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் கசெற்றைப் போட்டுவிட்டார்கள். மலையளவு றோபோ. நெற்றியில் கொம்பு, ஒடுங்கிய இடுப்பு, உடம்பெல்லாம் சிவப்பும் நீலமும் மஞ்சளும். நெஞ்சுக்குள் ஒரு பெடியன் இருந்து அதை இயக்கினான். அவன் அழுதபோது அந்த இரும்பு முகமும் குனிந்தது. “உதை நிப்பாட்டிப்போட்டுப் படத்தைப் போடுங்கோடா!” என்று பெரியவர்கள் கத்தினார்கள். நீ திறந்த வாய் மூடவில்லை.

எங்கள் வீடு மிஷன் பள்ளிக்கூடத்தோடு வளர்ந்த வீடு. வெளிநாட்டிலிருந்து வந்த ஆங்கிலப் படக்கதைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றிலிருந்த றோபோக்கள் வேறு இனம். தலை கிடையாது, இருந்த இடத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. கோழிக் கால்போலப் பின்னோக்கி மடியும் கால்கள். கைக்குப் பதில் பீரங்கி. எண்ணெய் வடிந்த கறை, கீறல், சேற்று நிறம். நான் அவற்றைத்தான் நம்பினேன். அவ்வளவு இரும்பு நடந்தால் நிலம் நெரியவேண்டும் என்பது என் கட்சி.

“உன்ரை ஆளின்ரை இடுப்பைப் பார், நாட்டியக்காரி மாதிரி. ஒரு அடி வைச்சானெண்டா முறிஞ்சு விழுவான்.”

“விழட்டும். அவனுக்கு முகம் இருக்கு. உன்ரை ஆக்கள் செய்யிறது டாங்கிக்குக் கால் பூட்டுற வேலை. டாங்கி றோட்டிலையே ஓடுது. அதைப் படத்திலையும் பாக்கோணுமோடா?”

அந்தச் சுற்றில் நீதான் வென்றாய். ஜப்பான்காரன் றோபோவை உடுத்துகிறான், வெள்ளைக்காரன் லொறிபோல ஓட்டுகிறான் என்றும் நீ சொல்வாய். பிற்காலத்தில் பெரிய பெரிய கட்டுரைகளில் வாசித்த எதுவும் அதைவிடச் சரியாக இருக்கவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வருடம் கந்தசஷ்டியில் முருகன் கோயில் சூரன்போருக்கு நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். வீட்டில் சொல்லாமல் வந்தேன். சூரன் சிலையைச் சுமக்கும் தண்டில் இடப்பக்கம் முன்வரிசையில் நின்ற உன் சித்தப்பா என்னைக் கண்டதும் சிரித்தார்.

“என்னடா, வேதக்காரப் பெடியனையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்? தம்பி, முருகன் வேல் எறியேக்கை குனிஞ்சு நில்லும். குறி தப்பிச்செண்டா உங்கடை போதகர் எங்களோடை சண்டைக்கு வந்திடுவார்!”

நீ சூரனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். யானைத் தலை போய்ச் சிங்கத் தலை வந்தது. நான் கீழே பார்த்தேன். சூரன் திரும்புவதற்கு முன் இடப்பக்கத்தவர்கள் தோளைத் தாழ்த்தினார்கள். தண்டு வளைந்தது. உன் சித்தப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. அந்த ஒரு கணம் சூரன் மூச்சை உள்ளே இழுப்பதுபோல் இருந்தது. சனம் ஓரடி பின்வாங்கியது.

உன் கையைப் பிடித்து உலுப்பினேன். “முகத்தை விடடா. கீழை பார். தோளைப் பார். பாரம் அங்கைதான் தெரியுது.”

“பொறடா, தலை மாத்தப் போறாங்கள்.”

ஆனாலும் அடுத்த முறை நீ பார்த்தாய். மறுநாள் பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் உன் கொம்பு வைத்த றோபோவைப் பென்சிலால் கீறினாய். பிறகு இடது தோளை அழித்தாய். தாழ்த்திக் கீறினாய். “இப்பதான்ரா நடக்குது” என்றாய். முகம் உன்னுடையது, தோள் நான் காட்டியது. அன்று நமக்குள் அதில் ஒரு வழக்கும் இருக்கவில்லை.

பிறகு நீ கனடாவுக்குப் போனாய், நான் இங்கேயே நின்றேன். நீ றோபோ கீறினாய், நான் ஓர் அரச கந்தோரில் மதகும் வாய்க்காலும் கீறினேன். இப்போது மேற்கிலிருந்து வரும் படங்களில் ஒரு கார் ஆயிரம் துண்டாகப் பிரிந்து எழுந்து நிற்கிறது. முழங்கை எது, மூக்கு எது என்று தெரிவதில்லை. ஜப்பான்காரர்களும் தங்கள் றோபோக்களில் இரும்புக் கறளும் எண்ணெயும் பூசத் தொடங்கிவிட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் உன்னுடையது ஒன்றுதான் முகத்தோடும் பாரத்தோடும் நடக்கிறது. தியேட்டரில் தனியே இருந்து அதைப் பார்த்தேன். தோள் தாழ்ந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைச் சொல்ல ஆளில்லாமல் போனதுதான் என் கோபம்.

போகும்போது உன் மகள் கேட்டாள். “உங்கடை பேருக்குக் கீழை என்ன போட, அங்கிள்? நண்பர் எண்டோ?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன். பெயரைப் போட்டால், செத்தவனோடு பங்கு கேட்கிறான் என்பார்கள். அந்தப் பேச்சுக்கு நடுவில் நிற்கப்போவது அவள். எழுதாமல் விட்டால், உன் ‘தனிய’ அச்சில் நிலைத்துவிடும். அதற்கு நான் உடன்படவில்லை. சூரன்போர் முடிந்து போகிறவர்கள் சூரன் நன்றாக ஆடினான் என்றுதான் சொல்வார்கள். உன் சித்தப்பாவின் பெயரை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. அது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் தண்டுக்குக் கீழே ஆள் இருக்கவில்லை என்றும் ஒருவரும் சொன்னதில்லை.

எனவே, சூரன்போரில் உன் பக்கத்தில் ஒருவன் நின்றான் என்பது வரட்டும். யார் என்பது வேண்டாம். உன் மகளுக்கு விளங்கும். அவள் கேட்ட பக்கமாக இந்தக் கடிதத்தையே அனுப்புகிறேன்; அச்சிடுவதும் விடுவதும் அவள் விருப்பம். உன்னை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதே. உன் கையை உலுப்பிய அந்தக் கணத்தை நான் இன்னும் இறக்கி வைக்கவில்லை.

கடித உறையில், உன் மகள் இங்கே தங்கியிருக்கும் உன் வீட்டு விலாசம் எழுதியாயிற்று. கோப்பாய்த் தபாற்கந்தோர் திறந்ததும் கொண்டுபோய்ப் போடுவேன். கீழே கையெழுத்து இல்லை.